கருவிகளுக்கிடையே தூது



தூது என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நெஞ்சையும் கிளியையும் முகிலையும் தூது விடுத்துப் பாடிய புலவர்கள் நம்மிடையே பலர். தூது செய்தியைச் சுமந்து செல்லுமேயன்றிச் செய்தி விடுத்தவரைச் சுமந்து செல்வதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாதி விளங்கிவிடும். டேப்லெட் என்று வழங்கும் பலகைக்கணினியினுள்ளே, இசைச் செயலிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ‘மிடி’ என்னும் கட்டுப்பாட்டுச் செய்திகளை எவ்வாறு வழிப்படுத்துவது என்பதே அப்பொருள்.

கிராமத்துப் பள்ளியில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறிய பிறகே பாடத்தைத் தொடங்குவது முறை.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் சாணார்பட்டி. சிறுமலையைப் பார்த்தபடி மாவும் புளியும் நிற்கும் ஊர்ப்புறம். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் பஜனை நடைபெறும். அப்பஜனைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியம் வாசித்தவன் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இலேசான பக்கவாதம் ஒன்று என்னைத் தாக்கிற்று. வலக்கை தப்பியது, இடக்கை வலுவிழந்தது. ஆர்மோனியம் வாசிப்பவர் வலக்கையால் கட்டைகளை அழுத்துவார். இடக்கையால் துருத்தியை அசைத்துக் காற்றை ஊட்டுவார். காற்று இல்லையேல் நாதம் இல்லை. ஆகவே பெட்டியைத் துணியால் போர்த்திப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அடுத்த மார்கழியில் பஜனைக் குரல் தெருவில் சென்றபோது நான் படுக்கையிலேயே கிடந்தேன்.

கல்லூரியில் பயிலும் என் பேர்த்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பரணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தாத்தா, துருத்தியைக் கை அசைத்தால்தான் ஆகுமா? கால் அசைக்கக் கூடாதா?” என்று கேட்டாள். ஆசிரியனாக இருந்தவனுக்கு நல்ல கேள்வியைக் கண்டால் உறக்கம் வராது. அவளிடம் ஒரு பலகைக்கணினி இருந்தது. ஒரு சிறிய கீபோர்டும், காலால் மிதித்து ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பெடலும் வாங்கினோம். அன்று தொடங்கியது என் மாணவப் பருவம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதிகளுள் ஒன்று. அவ்விதியின்படியே செல்வோம்.

நான் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துகிறேன். கம்பி வழியே கணினிக்குள் செல்வது ஓசை என்றே பலரும் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணினேன். அஃது ஓசையன்று, ஆணை. ‘இன்ன சுரத்தை, இவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்கத் தொடங்கு’ என்பது அந்த ஆணை. விரலை எடுத்தவுடன் ‘அந்தச் சுரத்தை நிறுத்து’ என்று மற்றோர் ஆணை செல்கிறது. ஆணையைப் பெறும் செயலிதான் ஓசையை உண்டாக்குகிறது. ஆகவே ஒரே கட்டை, ஆணையைப் பெறுவது ஆர்மோனியச் செயலியாயின் ஆர்மோனியமாகவும், வீணைச் செயலியாயின் வீணையாகவும் ஒலிக்கிறது.

ஆணைகள் யாவும் எண்களே. ஒவ்வொரு சுரத்தானத்திற்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. கீபோர்டின் நடுவே உள்ள ‘சி’ கட்டைக்கு எண் 60. அழுத்தத்தின் அளவும் 0 முதல் 127 வரை. சுரத்தைத் தொடங்குதல், நிறுத்துதல் ஆகியவற்றுக்கு அப்பால், ஒலிக்கும் சுரத்தின் தன்மையை மாற்றும் ஆணைகளும் உள்ளன. அவையே கட்டுப்பாட்டுச் செய்திகள். அவற்றுக்கும் எண்களை வகுத்திருக்கின்றனர். 7 என்பது ஒலியளவு. 10 என்பது ஒலி இடப்புறமா வலப்புறமா என்பது. 64 என்பது சுரத்தை நீடிக்கச் செய்யும் மிதிகட்டை. 11 என்பது வாசிப்பின் ஏற்ற இறக்கம், அதாவது உணர்ச்சிக்கேற்ப ஓசையைப் பெருக்குதலும் அடக்குதலும். ஆர்மோனியத்தில் அந்த ஏற்ற இறக்கத்தைத் தருவது எது? துருத்தி. ஆகவே பதினொன்றாம் எண் எனக்குத் துருத்தியாயிற்று.

என் கால் பெடலை மிதிக்கும்போது செல்லும் செய்தியைக் கண்ணால் பார்க்க முடியுமானால், 176, 11, 90 என்று மூன்று எண்களைக் காணலாம். முதல் எண் ‘இது கட்டுப்பாட்டுச் செய்தி, முதலாம் சேனலுக்கு உரியது’ என்று கூறுகிறது. இரண்டாவது எண் ‘ஏற்ற இறக்கம்’ என்கிறது. மூன்றாவது எண் அதன் அளவு. இரண்டாம் சேனலுக்குச் செல்ல வேண்டுமாயின் முதல் எண் 177 ஆகும். இவ்வாறு பதினாறாம் சேனலுக்கு 191 வரை செல்லும். மூன்றே எண்களில் முகவரியும் பொருளும் அளவும் அடங்கிவிட்டன. தந்தியில் சொற்களைச் சுருக்கி எழுதிப் பழகிய தலைமுறை இச்சிக்கனத்தை மெச்சும்.

சேனல் என்பதை எங்கள் ஊர்ப்பக்கத்து உவமை கொண்டே விளக்கலாம். திண்டுக்கல் பூட்டு உலகறிந்தது; 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஒவ்வொரு பூட்டும் தனக்குரிய சாவிக்கே திறக்கும். மிடியில் பதினாறு சேனல்கள் பதினாறு சாவிகள் போன்றவை. இரண்டாம் சேனலைக் கேட்கும்படி அமைத்த செயலி, முதலாம் சேனலில் வரும் ஆணைக்குச் செவி சாய்க்காது. ஆனால் செயலிகள் பலவற்றை நாம் முதன்முதலில் திறக்கும்போது, எல்லாச் சேனல்களையும் கேட்கும் நிலையிலேயே அவை இருக்கும். இந்நிலைக்கு ‘ஆம்னி’ என்று பெயர். எந்தச் சாவிக்கும் திறக்கும் பூட்டு பூட்டாகுமா? என் தொல்லைகளுள் பாதி இதனால் விளைந்தவையே.

இப்பொதுமொழி எவ்வாறு பிறந்தது என்பதையும் சிறிது கூற வேண்டும். 1980 வாக்கில் மின்னிசைக் கருவிகளைச் செய்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் தன் வழியில் சென்றன. ஒருவர் கருவி மற்றொருவர் கருவியோடு பேசாது. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கெஹாஷியும் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று முயன்றனர். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக் கருவி வணிகர் கண்காட்சி ஒன்றில், இவ்விரு நிறுவனங்களின் கருவிகளையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினர். ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றொன்றும் ஒலித்தது. அவ்வாண்டிலேயே மிடி விதிகள் வெளியாயின. அவ்விதிகளைப் பயன்படுத்தக் கட்டணம் எதுவும் வேண்டுவதில்லை என்று எல்லோர்க்கும் திறந்துவிட்டதே அம்முயற்சியின் சிறப்பு. 2013 இல் இருவர்க்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது. காக்கெஹாஷி 2017 இலும் ஸ்மித் 2022 இலும் மறைந்தனர்.

மிடி பிறந்து சில ஆண்டுகளிலேயே தமிழகத்தின் இசைக்கூடங்களுக்கும் கணினி வந்து சேர்ந்தது. 1986 இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தின் இசைக்கு இளையராஜா அவர்கள் கணினியின் துணையைக் கொண்டார். அன்று பெரிய இசைக்கூடத்தில் மட்டுமே காணக்கூடியதாயிருந்த வசதி, இன்று ஒரு சிலேட்டளவு பலகையில் அடங்கியிருக்கிறது. ஐபேடில் 2010 இல் மிடி வசதி வந்தது. ஆண்டிராய்டு கருவிகளில் 2015 இல் வந்தது.

பழைய முறையில் கருவிகளை இணைக்க ஐந்து முனைகள் கொண்ட கம்பி இருந்தது. கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைக் கண் காணும். பலகைக்கணினிக்குள் கம்பி இல்லை. செயலிகளின் வாயிலும் செவியும் கண்ணுக்குப் புலப்படா. ஒரு செயலியின் வெளிவாயிலிலிருந்து மற்றொரு செயலியின் உள்வாயிலுக்கு நாமே வழி அமைத்தாக வேண்டும். இதற்கெனவே வழிப்படுத்தும் செயலிகள் உள்ளன. அவற்றுள் சில, மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கோடுகள் இட்ட கட்டம் ஒன்றைக் காட்டும். அனுப்புவோர் பெயர்கள் ஒருபுறம். பெறுவோர் பெயர்கள் மறுபுறம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தைத் தொட்டால் வழி திறக்கும். மீண்டும் தொட்டால் அடைபடும். கிணற்று நீரை வாய்க்கால் வழியே விட்டு, எந்தப் பாத்திக்கு மடை திறப்பது, எந்தப் பாத்திக்கு மடை அடைப்பது என்று மண்வெட்டியோடு நிற்கும் உழவனுடைய வேலை இது.

இனி என் முதல் நாள் அனுபவத்தைக் கேளுங்கள். பலகைக்கணினியில் மூன்று செயலிகளைத் திறந்து வைத்தோம். ஆர்மோனியத்திற்கு ஒன்று, தம்பூராச் சுருதிக்கு ஒன்று, தாளத்திற்கு ஒன்று. நடுவே வழிப்படுத்தும் செயலி. நான் ‘ச’ பிடித்தேன். ஆர்மோனியம் ஒலித்தது, ஆனால் ஓசை உலோகத் தகட்டைத் தட்டினாற் போல் இரட்டித்து நின்றது. பெடலை மெல்லத் தளர்த்தினேன். ஆர்மோனியம் அடங்கியது, கூடவே தம்பூராவும் அடங்கியது. அடுத்து, கீபோர்டின் இடப்புறத்தில் சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று இருக்கிறதே, அதைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். தம்பூராவின் சுருதியே வளைந்து சரிந்தது! சுருதி மாதா என்று போற்றும் மரபில் வந்தவனுக்கு, காலடி நிலம் நழுவினாற் போலாயிற்று. பதறிப்போய்க் கட்டையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பேர்த்தி ஒரு கட்டத்தைத் தொட்டு வழியை அடைத்தாள். அவ்வளவுதான், பிடித்த ‘ச’ நிற்கவேயில்லை. விரல் எடுத்த பின்னும் ஒலித்துக்கொண்டேயிருந்தது. திண்ணையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிரவு ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். ‘அனுப்புவோர் யார், எந்தச் சேனல், கேட்போர் யார்’ என்று மூன்று பத்திகள் வரைந்தேன். ஓசையைத் தேடியவரை எதுவும் விளங்கவில்லை. செல்வது ஆணை என்பதை நினைத்த பிறகு ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தெரிந்தது.

முதலாவது, இரட்டை ஓசை. ஆர்மோனியச் செயலி கீபோர்டின் ஆணையை நேராகவும் கேட்டது. வழிப்படுத்தும் செயலியின் வாயிலாகவும் கேட்டது. ஒரே தூதன் இரு வாயில்களில் வந்து ஒரே செய்தியை இருமுறை கூறினான். செயலியின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, கீபோர்டு நேராக வரும் வாயிலை மூடி, வழிப்படுத்தும் செயலியிலிருந்து வருவதை மட்டும் விட்டோம். ஓசை தெளிந்தது.

இரண்டாவது, தம்பூரா அடங்கியதும் சுருதி வளைந்ததும். தம்பூராச் செயலி ஆம்னி நிலையில் இருந்தமையால், ஆர்மோனியத்திற்கு விடுத்த ஆணையைத் தனக்கென்று எண்ணி நிறைவேற்றிற்று. அதன் மேல் குற்றம் இல்லை; கேட்டதைச் செய்தது. ஆர்மோனியத்திற்கு முதலாம் சேனலும், தம்பூராவுக்கு இரண்டாம் சேனலும், தாளத்திற்குப் பத்தாம் சேனலும் வகுத்தோம். தாளக் கருவிகளுக்குப் பத்தாம் சேனல் என்பது 1991 இல் வகுத்த பொது மிடி ஒழுங்கு, அதைப் பின்பற்றினோம். அதனோடு அமையாமல், தம்பூராவுக்குச் செல்லும் வழியில் சுர வளைவுச் செய்தி எதுவும் நுழையாதபடி வடிகட்டியும் இட்டோம். கீபோர்டின் ஒரு திருகுக்கு மட்டும் இரண்டாம் சேனலில் ஒலியளவை மாற்றும் உரிமை கொடுத்தோம். எல்லோர் சொல்லையும் கேட்கும் சுருதி, சுருதியாக இருக்க முடியாது.

மூன்றாவது, நிற்காத சுரம். ‘தொடங்கு’ என்ற ஆணை சென்றது. ‘நிறுத்து’ என்ற ஆணை செல்வதற்குள் வழி அடைபட்டது. செயலி என்ன செய்யும்? ஆணைக்குக் காத்துக்கொண்டு ஒலித்தது. இத்தகைய இடர்க்கென்றே 123 ஆம் எண்ணில் ‘எல்லாச் சுரங்களையும் நிறுத்து’ என்னும் செய்தி உள்ளது. வழிப்படுத்தும் செயலிகள் பலவற்றில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். கற்பவர் முதலில் அதன் இடத்தை அறிந்துகொள்வது நலம். கட்டையில் விரல் இருக்கும்போது வழியை மாற்றலாகாது என்பது இரண்டாம் பாடம்.

வேறு சில நுணுக்கங்களையும் நாளடைவில் கண்டோம். ஒரு செயலி பெற்ற செய்தியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும்படி வழி அமைந்தால், செய்தி செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வந்து கணினியைத் திணறடிக்கும். ஆதலின் கட்டத்தில் ஒரே பெயர் தன்னைத்தானே சந்திக்கும் இடங்களை அடைத்து வைக்க வேண்டும். வேறொரு செயலியைத் திரையில் திறந்தவுடன் சில செயலிகள் உறங்கிவிடும். பின்னணியில் இயங்க அவற்றுக்கு இசைவளிக்க வேண்டும். மேலும், பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அதை அசைக்கும் வரையில் செயலி அறியாது. அசைத்தவுடன் ஓசை திடுமெனத் தாவும். ஆகவே வாசிக்கத் தொடங்குமுன் பெடலை ஒருமுறை முழுதும் மிதித்து எடுத்தல் வேண்டும்.

பெடலை முழுதும் தளர்த்தினால் அளவு 0 ஆகி ஓசை அறவே மறைந்தது. உண்மை ஆர்மோனியத்தில் கை ஓய்ந்தாலும் உள்ளே தங்கிய காற்று சற்று நேரம் பாடும். அதற்கு வழி கண்டோம். பெடலிலிருந்து வரும் 0 முதல் 127 வரையிலான அளவை, ஆர்மோனியத்தைச் சேருமுன் 40 முதல் 127 வரையிலானதாக மாற்றும்படி வழிப்படுத்தும் செயலிக்குக் கூறினோம். தூதன் செய்தியை அப்படியே கொண்டு செல்லாமல், அவைக்கேற்பச் சொல்லக் கற்றுக்கொண்டான். அன்றுதான் என் காலுக்குத் துருத்தியின் பழக்கம் வந்தது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. 1971 இல்தான் அத்தடை தளர்ந்தது. கட்டைக்குக் கட்டை சுரம் நிலைத்து நிற்பதால், நம் இசைக்கு உயிரான கமகம் அதில் பிறவாது என்பது அன்று கூறிய காரணங்களுள் ஒன்று. அக்குறை உண்மையானதே. ஆனால் மிடியில் சுரத்தை வளைக்கும் செய்திக்கு மற்றவற்றினும் நுண்மை அதிகம். 128 படிகளுக்கு மாறாக அதற்கு 16,384 படிகள் உள்ளன. நடுநிலை எண் 8,192. அச்சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது ஒருங்கே வளைக்கும் என்பது ஒரு குறைதான். அதைக் களையவே ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் முறையை 2018 இல் ஏற்றனர். 2020 இல் ஏற்ற மிடி 2.0 விதிகள் இன்னும் நுண்மையான அளவுகளுக்கு இடந்தருகின்றன. ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாகச் செல்லும் நம் பாட்டுக்குப் பழைய முறையே எனக்குப் போதுமானதாயிற்று.

அந்தச் சக்கரம் கீபோர்டின் இடப்புறத்தில் இருக்கிறது என்றேன் அல்லவா? அதை அசைக்கத் துருத்தி தள்ளும் வலு வேண்டுவதில்லை. ஒரு விரல் போதும். என் இடக்கையில் ஆள்காட்டி விரல் சிறிது அசையும். முதல் ஒரு மாதம் அது பிடித்ததெல்லாம் பிழைச் சுரமே. பின்னர், தோடியின் காந்தாரம் ஓரளவு அசைந்தது. மேதைகளின் கமகம் என்று நான் சொல்ல மாட்டேன். வலுவோடிருந்த காலத்தில் ஆர்மோனியப் பெட்டியில் என்னால் இயலாதது இது என்று மட்டும் சொல்வேன்.

சென்ற மார்கழியில் பஜனைக்குச் சென்றேன். பலகைக்கணினியைக் கண்ட முதியவர் ஒருவர், “சார், பெட்டி எங்கே?” என்று கேட்டார். “பரணில் இருக்கிறது, ஐயா. காற்றை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன்” என்றேன். தம்பூராவைத் தொடங்கினேன், பெடலை ஒருமுறை மிதித்து எடுத்தேன், ‘ச’ பிடித்தேன். சுருதி அசையவில்லை.

நேயர்களே, இத்துறையில் இறங்க எண்ணும் இளைஞர்க்கு நான் கூறுவது இதுவே. புதிய செயலிகளை வாங்கிக் குவிப்பதற்கு முன்பு ஒரு தாளை எடுங்கள். அனுப்புவோர், சேனல், கேட்போர் என மூன்று பத்திகள் வரையுங்கள். யார் கேட்க வேண்டும் என்று எழுதுவது எளிது. யார் கேட்கலாகாது என்பதையும் எழுதுங்கள். அப்பட்டியல் முடிந்த அன்றே உங்கள் கருவிகள் சேர்ந்து பாடத் தொடங்கும்.